கூப்பிடாத மூன்று மணி நேரம்

ஆம்பூரில் எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காது, பேச வேண்டுமென்றால் தெருமுனைக்குப் போக வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள், ஆளுக்கு ஒரு செல்போன் வைத்துக்கொண்டிருக்கலாமே என்று புத்தி சொல்வார்கள். எனக்குப் புத்தி சொன்னவர்கள் ஏற்கெனவே போதும்.

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. குரலும் போய்விட்டது. பேசினால் காற்றுதான் வரும், வாயருகே காதை வைத்தால்தான் புரியும். அவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷம் பார்த்த செக்கிங் வேலையை விட்டேன்.

அவர் என்னைக் கூப்பிட ஒரு கார்ட்லெஸ் ஃபோன் செட் இருந்தது. அவர் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பின் ஆபீஸில் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய செட். லைன் கிடையாது. ஆனால் இரண்டு ரிசீவர்கள் உண்டு, ஒன்றில் பட்டனை அழுத்தினால் மற்றது அடிக்கும், பேசலாம். ஒன்று அவர் தலையணைப் பக்கத்தில், இன்னொன்று என் இடுப்பில். டச் ஃபோன் அவருக்கு உதவாது. முப்பது வருஷம் சுண்ணாம்புக் குழியில் தோலை இழுத்துப் போட்ட விரல்கள் அவை. நுனியில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மெஷின் அவர் விரலை ஒருமுறைகூட ஏற்றுக்கொண்டதில்லை. ஃபோன் கண்ணாடி மேல் அந்த விரலை வைத்துத் தேய்த்தால் ஒன்றுமே நகராது. அந்தக் கைக்கு அழுத்துகிற பட்டன்தான் வேண்டும்.

அப்போதுதான் எனக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று வந்தது. தோல் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி, தோல்களைப் படம் பிடித்து டேப்லெட்டில் அனுப்பும். உண்ணிக் கடி, முள் கீறல், அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் கண்டுபிடித்து நான் வட்டம் போட வேண்டும். கேமராவில் என் முகம் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்று நாள் பார்ப்பார்கள், தினமும் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. தேறினால் வேலை. அவரை விட்டுப் போகாமல் என்னால் பார்க்க முடிகிற வேலை இந்த ஊரில் அது ஒன்றுதான். வேறு இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

கேபிள்காரரிடம் சொல்லி இன்டர்நெட் இழுத்தேன். பின்னறையில் வெள்ளைச் சுவர் பார்த்து உட்கார்ந்தேன்.

முதல் நாள் பதினொரு தடவை லைன் போனது. பாதித் தோல் தெரியும், மீதி சாம்பல் நிறத்தில் நிற்கும். கம்பெனியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்த, மேடம் என்று நான் கூப்பிட்ட பெண்ணுக்கு என்னில் பாதி வயதுதான் இருக்கும்.

"அக்கா, உங்க கண்ணு சூப்பர்க்கா. லைன் தான் நிக்கல. இப்டியே போனா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

கேபிள்காரரைக் கூப்பிட்டேன். அவர் சுவரைக் குறை சொன்னார், பீரோவைக் குறை சொன்னார், கிரைண்டரைக் குறை சொன்னார். இரண்டாம் நாள் காலையில் மறுபடி வந்து என் பக்கத்திலேயே நின்றார். ஒரு மணி நேரம் படம் நன்றாக ஓடியது.

"பாத்தியாக்கா, ஆள் நின்னா பயந்துக்கினு ஓடுது" என்று சிரித்தார்.

அப்போது என் இடுப்பில் ரிசீவர் அடித்தது. படம் நின்றுவிட்டது. எடுத்தேன்.

"இன்னாமே, கேபிள்காரன் டீ குடிச்சானா?" என்றார் என் வீட்டுக்காரர், காற்றுக் குரலில்.

பேசி வைத்ததும் படம் வந்தது. கேபிள்காரர் சிரிப்பை நிறுத்தினார். "அண்ணன மறுபடி கூப்ட சொல்லுக்கா" என்றார். நின்றது. இன்னொரு தடவை. அப்போதும் நின்றது.

"இந்த ஃபோனும் உன் வைஃபையும் ஒரே சந்துல எதிரெதிரா வர்ற ரெண்டு லாரிக்கா. இது வந்தா அது நின்னுடும்."

வைஃபை பெட்டியையும் ஃபோன் பெட்டியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தோம். எங்கள் வீட்டில் எவ்வளவு தூரம் தள்ள முடியும்? இன்டர்நெட்டைத் தனியாக ஒயர் போட்டுக் கொண்டுவரலாம் என்றால் அந்த டேப்லெட்டில் ஒயர் சொருக இடமில்லை. வேறு வகை வைஃபை பெட்டி போட்டால் சரியாகும், வர ஒரு வாரம் ஆகும் என்றார். ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று மேடத்திடம் கேட்டேன். முடியாது என்றாள். எனக்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி இருந்தது.

அன்று சாயங்காலம் அவரிடம் போய் உட்கார்ந்தேன். கெஞ்சியிருக்கலாம். எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான்.

"யோவ், நாளைக்கு பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும் இத அழுத்தாத. செத்தாலும் அழுத்தாத."

"செத்துட்டா எப்டிமே அழுத்தறது?"

"வெளாட்டு இல்லய்யா. இந்த வேல போச்சுன்னா நம்ம கதை முடிஞ்சிச்சு."

"சரிமே" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் அவருக்கு எல்லாம் செய்து முடித்து, தண்ணீர்ச் சொம்பை எட்டும்படி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். லைன் ஒரு தடவைகூட அறுபடவில்லை. தோல் மேல் தோலாக வந்தது. மேடம் தன் பக்கத்திலிருந்த யாரிடமோ என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்வது கேட்டது. பதினொரு மணி, பன்னிரண்டு மணி. ரிசீவர் அடிக்கவில்லை.

பன்னிரண்டுக்கு மேல் என்னால் முடியவில்லை. இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் அவர் கூப்பிடாமல் இருந்ததே இல்லை. கண் தோலைப் பார்த்தது, காது முன்னறைக்குப் போய்விட்டது. எழுந்தால் முகம் கேமராவில் இருக்காது, அன்றைய வேலை செல்லாது. உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டரை. ஒரு நொடிதானே, ஒரு குரல் கேட்டால் போதும் என்று ரிசீவரை மேஜைக்கடியில் எடுத்து நானே பட்டனை அழுத்தினேன்.

படம் நின்றது.

முன்னறையில் அவர் ரிசீவர் அடிக்கிற சத்தம் கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. நான் ஓடினேன்.

சொம்பை எட்டப் போய்ச் சறுக்கியிருக்கிறார். இடுப்பு தரையில், தோள் கட்டில் சட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. வேட்டி நனைந்து குளிர்ந்து போயிருந்தது, சொட்டியது தண்ணீர் மட்டுமில்லை. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. நல்ல கையில் ரிசீவர் அடித்துக்கொண்டிருக்க, அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"ஏன்யா எடுக்கல?"

"எடுத்தா உன் லைன் பூடும்ல" என்றார்.

அவரைத் தூக்கத் தனி ஆளால் முடியாது. அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னறையில் லைன் திரும்பி வந்துவிட்டது. "அக்கா, லைன்ல இருக்கீங்களா? அக்கா?" என்று மேடம் கூப்பிடுவது கேட்டது. இருக்கிறேன் என்று கத்தினேன். அவளுக்குக் கேட்டிருக்காது. நான் ஈரக் கையோடு போனபோது வெறும் திரைதான் இருந்தது.

சாயங்காலம் செல்போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்ப் பார்த்தேன். இணைப்பு நிலையாக இல்லாததால் வேலைக்கு எடுத்துக்கொள்ள இயலவில்லை என்று கம்பெனியிலிருந்து இரண்டு வரி வந்திருந்தது. இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. அறுத்தது நான். அதை எழுதி அனுப்பினேன். மறுபடி ஒரு நாள் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். பதில் இல்லை. இன்னும் இரண்டு தடவை எழுதினேன்.

அடுத்த வாரம் கேபிள்காரர் புதுப் பெட்டியை மாட்டினார். "இப்ப அண்ணன் நாள் பூரா பேசட்டும்க்கா, ஒண்ணும் ஆவாது" என்றார். உண்மைதான். இப்போது லைன் போவதே இல்லை.

ஆனால் அவர் பட்டனை அழுத்துவதில்லை. அழுத்துய்யா, ஒன்றும் ஆகாது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். தலையாட்டுகிறார். ரிசீவர் தலையணைப் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு, துணியைப் பாதியில் போட்டுவிட்டு, நான்தான் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.