ஊருக்கே தெரிந்த ரகசியம்

போன வாரம் செவ்வாய்க்கிழமை பிலோமினா என் அறைக்குள் செருப்போடு நுழைந்துவிட்டாள். அது கம்ப்யூட்டர் அறை. மேனேஜர்கூட செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வருவார். அவளோ நேரே மெஷின் முன்னால் போய் நின்றாள்.

"இதுக்கு எம்மேல என்னம்மா கோவம்?"

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தொழிற்சாலையில் அவள் மூட்டை தைக்கிறவள். தினக்கூலி. எந்த வாரம் யாருக்கு வேலை என்ற பட்டியலை ஏழு மாதமாகக் கம்ப்யூட்டர்தான் அச்சடிக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம்.

"மூணு வாரமா வாரேன். பேரு இல்லேங்காவ. கம்ப்யூட்டரே எடுத்துட்டுன்னு சூப்பர்வைசர் சொல்லுதாவ. ஷெட்டுல குடிக்கத் தண்ணி வேணும்னு கேட்டேன். அன்னையில இருந்துதான் இப்படி!"

தண்ணீர் கேட்டால் கம்ப்யூட்டருக்குக் கோபம் வருமா? அதுவும் இந்த 1979-ல்?

பட்டியலைத் தயாரிக்கிற குமாஸ்தா எழுதிய காகிதத்தில் அவள் பெயர் இருந்தது. மெஷினில் இல்லை. யாரோ அழித்திருக்கிறார்கள். யார்? அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. உள்ளே போவதற்கான ரகசியச் சொல், அதுதான் பாஸ்வேர்டு, எங்கள் எல்லோருக்கும் ஒன்றே ஒன்று. மெஷினோடு வந்தது. இந்த மெஷினோடு இணைத்து ஷெட்டில் வைத்திருக்கும் டெர்மினலுக்கு மேலே, சுவரில் சாக்பீஸால் எழுதியே வைத்திருந்தார்கள்! ரகசியமாம்…

தப்பு என்னுடையது. முதல் நாளே மாற்றியிருக்க வேண்டும்.

அன்று மத்தியானமே மேனுவலை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய பாஸ்வேர்டை ஒழித்தேன். இனி ஆளுக்கொன்று. பட்டியலை எல்லோரும் படிக்கலாம். மாற்றுவது குமாஸ்தா மட்டும். யாருக்கு எந்த அனுமதி என்று தீர்மானிக்கிற பாஸ்வேர்டு என்னிடம். யார் எதைத் தொட்டாலும் நேரத்தோடு பதிவு செய்கிற வசதி ஒன்று மெஷினுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது. அதையும் எழுப்பிவிட்டேன். குமாஸ்தா பிலோமினாவின் பெயரை மறுபடி ஏற்றினார்.

வெள்ளிக்கிழமை பதிவைப் பார்த்தால் — ஷெட்டிலிருந்து பட்டியலை மாற்ற நாலு முயற்சி. நாலும் சூப்பர்வைசர் பெயரில்!

அவரே வந்தார். "என்ன மேடம், கூட வேல பாக்கவங்களையே கள்ளனாக்குதிய?"

"பட்டியலை எதுக்கு மாத்தப் பாத்தீங்க, அண்ணாச்சி?"

விறுவிறுவென்று மேனேஜரிடம் போனார். எனக்கு அழைப்பு வந்தது.

"உன்கிட்ட இருக்கிற பாஸ்வேர்டை அவர்கிட்ட கொடுத்துடும்மா. ஒரு கூலிக்காரிக்காக எதுக்கு இத்தனை ரகளை?"

"தர மாட்டேன் சார்."

"வேலை போயிடும்."

பயந்தேன். பொய் சொல்வானேன்? ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"என் இடத்துக்கு வர்றவங்ககிட்ட கொடுக்கிறேன் சார். இவர்கிட்ட மாட்டேன்."

எல்லோருக்கும் தெரிந்த ரகசியத்தால் யாருக்கு லாபம் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது. செய்வதைச் செய்துவிட்டுப் பழியை மெஷின்மேல் போடுகிறவர்களுக்கு!

சனிக்கிழமை ஒட்டிய பட்டியலில் பிலோமினா இருந்தாள். என் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"பேரு வந்துட்டும்மா. தண்ணிதான் இன்னும் வரல்ல. திங்கக்கெழம மறுபடியும் கேக்கப் போறேன்."

கேட்டாளாம். இந்த முறை ஷெட்டில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து.

அதே திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது — உத்தரவை மீறியது ஏன் என்று. மூன்று பக்கத்தில் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பாஸ்வேர்டைத் தவிர எல்லாம் அதில் இருக்கிறது.