சின்னவனுக்கு ஞானஸ்நானம்: பெக்கோக்கிலிருந்து ஜொகூர் பாரு வரை

சின்னவனின் இடுப்புக் கயிற்றில் மாதா பதக்கமும் தாயத்தும் உரசி 'டிக் டிக்' என்று ஒலித்ததைத்தான் அன்று காலை முதலில் கவனித்தேன். மாட்டு வண்டி குலுங்கும் போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. பதக்கம் அம்மா கட்டியது. தாயத்து, பாத்துமா அக்கா கட்டியது.

சென்ற வைகாசி மாதம், ஒரு சனிக்கிழமை, என் தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஜொகூர் பாருவுக்குப் போனோம். அவனுக்கு அப்போது எட்டு மாதம். எங்கள் தோட்டத்துக்குச் சாமியார் வருடத்துக்கு இரண்டு முறைதான் வருவார். அவர் வந்த இரண்டு முறையும் சின்னவன் காய்ச்சலில் கிடந்தான். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் அக்கா மார்த்தம்மா ஜொகூர் பாருவில் இருக்கிறார். அவர் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாயாக நிற்கச் சம்மதித்துக் கடிதம் எழுதினார். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா இன்னும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அதனால் நானும் பாத்துமா அக்காவும் போனோம்.

பாத்துமா அக்கா எங்கள் தோட்டத்துக்குச் சாமான் ஏற்றி வரும் வண்டிக்காரரின் மனைவி. அம்மா காய்ச்சலில் விழுந்து பால் வற்றிய நாளிலிருந்து, தன் மகள் ஜைனபுக்குக் கொடுத்த பாலில் பாதியைச் சின்னவனுக்குக் கொடுத்தவர். டின் பாலை அவன் வாயில் வைக்கவே மாட்டான். அக்கா வராமல் அவனைத் தூக்கிக்கொண்டு ஓர் இரவு தங்க முடியாது. கஞ்சி குடிக்கப் பழகிவிட்ட ஜைனபை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தார்.

தோட்டத்திலிருந்து பெக்கோக் ஸ்டேஷனுக்கு வண்டியில் ஆறு மைல். ஒன்றரை மணி நேரம். ரயில் ஏழே காலுக்கு. மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்கு ஒரு வெள்ளி எழுபது காசு, கைக்குழந்தைக்கு இல்லை. குளுவாங் வரை இருபுறமும் ரப்பர்தான். குளுவாங்கில் வண்டி இருபது நிமிடம் நின்றது. அங்கே வாழைப்பழம் வாங்கினோம்.

"ஞானஸ்நானத்துல என்ன புள்ள செய்வாங்க?" என்று அக்கா கேட்டார்.

"தலையில தண்ணி ஊத்தி, கடவுளோட பிள்ளையாக்குவாங்க அக்கா."

"அப்ப இத்தனை நாளா இவன் யாரு பிள்ளையாம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சின்னவனின் மூக்கைப் பிடித்து ஆட்டினார். "டேய், எங்க மார்க்கத்துல நீ ஜைனபுக்குக் கூடப்பொறந்தவன், தெரியுமா? என் பாலைக் குடிச்சிட்டே. நாளைக்கு அவளைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னா, கால ஒடிச்சிடுவேன்!"

பன்னிரண்டரைக்கு ஜொகூர் பாரு வந்து சேர்ந்தோம். ஸ்டேஷனிலிருந்து மார்த்தம்மா வீட்டுக்கு ரிக்‌ஷா பதினைந்து காசு. இதுவரை நல்ல பயணம்தான்.

வீட்டு வாசலில் மார்த்தம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு, முக்காட்டோடு நின்ற அக்காவைப் பார்த்தார். "ஆர் அது, பிள்ளை?" என்று என்னைக் கேட்டார்.

அவர் காலில் செருப்பு, காதில் வைரம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பெரியவர்கள் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். துலுக்கப் பெண்ணின் பாலில் வளர்ந்த பிள்ளை என்று தெரிந்தால் ஞானத்தாயாக நிற்க மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். "பிள்ளை தூக்க வந்த ஆள்" என்று சொன்னேன். அக்கா இரண்டடி தூரத்தில்தான் நின்றார்.

சாப்பாடு எனக்கு மேசையில். அக்காவுக்குப் பின்படியில், தகரத் தட்டில். இரவு படுக்க விறகு அறையில் ஒரு பாய். மார்த்தம்மா கெட்ட மனத்தோடு செய்யவில்லை. நான் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

மூன்றரைக்குக் கோயிலுக்கு நடந்தோம். "கூலிக்காரிக்கு இன்னும் கூலி பேசலியே, லூர்து?" என்று அக்கா என் காதில் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கோயில் வாசலில் மார்த்தம்மா தாயத்தைக் கண்டு முகம் சுளித்தார். அவர் வாய் திறக்கும் முன்பே நான் அதை அவிழ்த்து அக்காவிடம் நீட்டினேன். அது சின்னவனின் காய்ச்சல் மோசமாக இருந்த வாரத்தில் கட்டியது. அன்று அக்கா ஒரு பக்கம் ஓதிக்கொண்டிருந்தார், நான் இன்னொரு பக்கம் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். யாருடைய வேண்டுதல் பலித்தது என்று நாங்கள் இருவரும் கேட்டதில்லை. அக்கா தாயத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, வெளியே மரத்தடியில் உட்கார்ந்தார். உள்ளே சாமியார் தண்ணீர் ஊற்றி, அந்தோணி என்று பெயரிட்டார்.

மீதியை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதனால் போகிறவர்களுக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் ஞானத்தாய் யாரென்று சாமியாருக்கு முன்னதாகவே எழுதிவிடுங்கள். ரயிலில் கடல் பக்கம் பார்த்து உட்கார ஆசைப்படாதீர்கள். கடைசி வரை கடல் தெரியாது. திரும்பும் வண்டி ஞாயிறு காலை எட்டு மணிக்கு. உங்களோடு வருகிறவர் யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

கோயிலிலிருந்து வந்ததும் கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவன் அழத் தொடங்கினான். மார்த்தம்மா டின் பாலைக் கரைத்துப் புட்டியில் கொடுத்தார். துப்பினான். கரண்டியில் கொடுத்தார். முகத்தைத் திருப்பினான். "என்ன பிள்ளை இது, என்னத்தைத்தான் குடிப்பான்?" என்று என்னைக் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அழுது அழுது அவன் குரல் கம்மிவிட்டது.

பின்பக்கம் போனேன். அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். அவர் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. அழுகைச் சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

"வாங்க அக்கா."

"கூலிக்காரிக்கு உள்ள என்ன வேலை?" என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "இங்கேயே கொண்டா, கொடுத்துடறேன். பாவம், புள்ளை."

அப்படிச் செய்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர் கையைப் பிடித்து எழுப்பிக் கூடத்துக்கு அழைத்து வந்து, மார்த்தம்மா உட்கார்ந்து எழுந்த பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தேன். "இவங்க கூலி ஆள் இல்லம்மா. நான் பொய் சொன்னேன். ஏழு மாசமா தம்பிக்குப் பால் கொடுக்கிறவங்க" என்றேன். சின்னவனை வாங்கி அவர் மடியில் போட்டேன். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தாயத்தை எடுத்து, பதக்கத்துக்குப் பக்கத்தில் கட்டினேன்.