புளி போட்டுத் தேய்த்த சக்கரங்கள்

செல்வம் அண்ணா, காந்திபுரம் கண்காட்சியில் உங்கள் பெயரை எழுதிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிற ரயில் இன்ஜின் நான் செய்தது. நேற்று அதன் சக்கரங்கள் பளபளப்பதைப் பார்த்ததும் பழைய முட்டை நாற்றம் என் மூக்கில் ஏறியது.

போத்தனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில், ஒரு மோட்டார் ரூம் இருந்தது. ஈரச் சுவரும் கிரீஸ் வாடையும் ஜங்ஷனில் பெட்டிகள் மோதும் சத்தமுமாக இருந்த அந்த அறையில்தான், பன்னிரண்டு வயதில், செம்புத் தகட்டில் வெட்டிய சக்கரங்களை, அவித்த முட்டையை மசித்துப் போட்ட தூக்குப்போசிக்குள் மூடிவைத்து, அவை பழுப்பாகி, ஊதாவாகி, நிஜ இன்ஜின் போலக் கறுப்பாகும்வரை திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரரான நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனம்மணி, முட்டைல ரயிலு ஓட்டறயா?" என்று சிரிப்பீர்கள்.

ஆயுத பூஜைக்குச் சாமி முன்னால் வைப்பதாகச் சொல்லி இன்ஜினை வாங்கிப்போனீர்கள். திருப்பிக் கேட்டதற்கு, "ஒரே அழுக்காக் கெடந்துது கண்ணு, புளி போட்டுத் தேய்ச்சுப்போட்டேன். இங்கயே இருக்கட்டும்" என்றீர்கள். அது அழுக்கு இல்லை என்று செய்தவளுக்குத்தான் தெரியும்.

சக்கரங்களின் உள்பக்கம் உங்கள் புளி எட்டியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் அதற்காக நீங்கள் பரிசு வாங்கும்போது நான் முன்வரிசையில் இருப்பேன். மேடையிலேயே இன்ஜினைக் கவிழ்த்துக் காட்டுங்கள். அந்தக் கறுப்பு எப்படி வந்தது என்று மைக்கில் சொல்லுங்கள்.