பிரேக் மாமா போட்ட ரோடு

“நான் அத வாங்கினேனா, இல்லையா? அத மட்டும் சொல்லு, மருமகளே.”

மாமா இப்படிக் கேட்டபோது நான் அவருடைய கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பள்ளிப் படிப்பை முடித்துச் சில வருடங்கள் ஆகியும், அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் தெருவுக்குமாக நான் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. எங்கள் குடும்பத்தில் கணினி மக்கர் பண்ணினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாமாவும் அதனால்தான் முதலில் என்னைக் கூப்பிட்டிருந்தார். இப்போது கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. திரையில் ஒரே ஒரு வரி இருந்தது: இந்தக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.

மாமா என் அம்மாவின் தம்பி. நகரப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். அவர் பிரேக் போட்டால் போட்டதே தெரியாது. வண்டி நின்றுவிட்டதா என்று கண்டக்டர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொள்வாராம். அதனால் டிப்போவில் அவருக்கு ‘பிரேக்’ என்று பெயர் வைத்தார்கள். தெருப் பிள்ளைகள் ‘மாமா’வையும் சேர்த்துக்கொண்டார்கள். பார்சல் கொண்டுவருகிறவர்கூட வாசலில் நின்று “பிரேக் மாமா வீடு இதுதானே?” என்றுதான் கேட்பார். அத்தைக்குக் கோபம் வந்தால் ‘மாமா’ போய்விடும். “பிரேக்கு! சோறு ஆறுது!” என்று அடுப்படியிலிருந்து சத்தம் வரும்.

ஒரு சமயம் கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டு மாமா வீட்டில் கிடந்தார். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். அப்போதுதான் இணையக் கடையில் பேருந்து ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பார்த்தார். ‘வாங்கு’ என்று ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. வாங்கினார். போன் எண் கேட்ட இடத்தில், டிப்போவில் ஓட்டுநர்களுக்குக் கொடுக்கும் போனின் எண்ணைப் போட்டார். வீட்டில் இருந்த இன்னொரு போன் எப்போதும் அத்தையின் கையில்தான் இருக்கும். பெயர் கேட்ட இடத்தில் தனக்குத் தெரிந்த பெயரைப் போட்டார். கால் சரியானதும் நிஜ வண்டிக்குத் திரும்பிவிட்டார். விளையாட்டை மறந்தும் போனார்.

பிறகு கண் பரிசோதனை வந்தது. டாக்டர் ஒரு பேனாவைக் காதுப் பக்கத்திலிருந்து மெதுவாக முன்னால் கொண்டுவந்து, “தெரியும்போது சொல்லுங்க” என்றாராம். பேனா கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் மாமா “தெரியுது” என்றார். நேரே இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஓரம் மட்டும் இல்லை. இரண்டு பக்கமும் யாரோ கதவைச் சாத்திவிட்ட மாதிரி. அன்றே அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். சாவியையும் போனையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

டிப்போவிலேயே, பயணிகள் மறந்துவிட்டுப் போன சாமான்களை வைக்கும் அறையில் வேலை கொடுத்தார்கள். அறை நிறையக் குடைகள். ஒற்றைச் செருப்பு. ஒருநாள் ஒரு பல் செட்.

“பல்ல மறந்துட்டு இறங்கிருக்கான், மருமகளே. வீட்டுக்குப் போயி எப்படிச் சாப்பிட்டிருப்பான்?” என்று சிரிப்பார். சிரிக்கும்போதே வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கும்.

அந்த நாட்களில்தான் பழைய விளையாட்டைத் தூசி தட்டி எடுத்தார். கணினித் திரை அவருடைய பார்வைக்குள் அடங்கியது. பக்கக் கண்ணாடிகள்கூட நடுவிலேயே தெரிந்தன. விளையாட்டில் நாமே சாலை போட்டுக்கொள்ள ஒரு வசதி இருந்தது. தான் ஓட்டிய வழித்தடம் முழுவதையும் மாமா அதில் போட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி மதில், டைல்ஸ் கடை வளைவு, பாலத்தடியில் எப்போதும் தேங்கும் தண்ணீர். “அந்த வளைவுல புதுசா ஒரு கம்பம் நட்டிருக்காங்களாம். எந்தப் பக்கம்னு பாத்துட்டு வா” என்று என்னை அனுப்புவார். நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வேலை தேடுவதைவிட அது நன்றாக இருந்தது. வருடக்கணக்கில் அந்தச் சாலை வளர்ந்தது.

அந்தச் சாலையில் ஓட்டும்போது, பள்ளிக்கூட நிறுத்தத்தில் கதவு மூட வேண்டிய நேரம் வந்த பிறகும் கொஞ்சம் பொறுப்பார்.

“யாரும் இல்லையே மாமா. எடுங்க.”

“இரு. ஒருத்தன் ஓடி வருவான். எப்பவும் லேட்டு அவன்.”

விளையாட்டில் யாரும் ஓடி வரமாட்டார்கள். ஆனாலும் காத்திருந்துதான் எடுப்பார். அப்போது மட்டும் அவர் குடை அறை ஆள் இல்லை, டிரைவர்.

ஒரு மழைநாளில் மின்சாரம் போய்த் திரும்பி வந்ததில் கணினி புகைந்துவிட்டது. பழுதுபார்க்கிறவர் மூடியைத் திறந்ததும் மறுபடி மூடிவிட்டார். அத்தை முணுமுணுத்துக்கொண்டே பழைய கணினி ஒன்று வாங்கச் சம்மதித்தாள். அதில் நான் விளையாட்டுக் கடையைத் திறந்தேன். கடவுச்சொல்லை மாமா சரியாகச் சொன்னார். ‘உங்கள் போனுக்குக் குறியீட்டு எண் அனுப்பியிருக்கிறோம்’ என்று வந்தது.

டிப்போ போனுக்கு!

அந்தப் போன் இப்போது மாமாவின் வழித்தடத்தை ஓட்டுகிற இளைஞரிடம் இருந்தது. டிப்போவில் அவருக்குப் பெயர் ‘புதுசு’. மறுநாள் மதியம் அவர் சாப்பிட வரும் நேரம் பார்த்து மாமா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் வீட்டில் கணினி முன்னால் இருந்தேன். அத்தையின் போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“அண்ணே, வந்துடுச்சு. ஆனா கேம் விளையாடுறதா என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா, என்னையும் உங்க குடை ரூம்ல கொண்டுவந்து வச்சிடுவா.”

“வா, எடம் இருக்கு. முதல்ல நம்பரச் சொல்லுய்யா.”

சொன்னார். போட்டேன். நான் “ஐ!” என்று கத்துவதற்குள் அடுத்த பக்கம் திறந்தது. புதிய கணினியிலிருந்து நுழைவதால் அடையாள அட்டையின் படத்தை அனுப்ப வேண்டுமாம். அட்டையில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். கணக்கில் உள்ள பெயர் கீழேயே இருந்தது. முதல் பெயர்: பிரேக். குடும்பப் பெயர்: மாமா.

அன்று மாலை அத்தை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“உங்களுக்குன்னு வீட்ல ஒரு பேர் வச்சாங்களே, அத எங்க அடகு வச்சீங்க?”

“அந்தப் பேர்ல என்னை யாரு கூப்பிடுறா? நீயே கூப்பிட்டதில்ல.”

“பொறந்த தேதியாவது ஒழுங்கா போட்டீங்களா?”

“அது ஒழுங்கா போட்டேன்” என்றார் மாமா, பரீட்சையில் ஒரு கேள்விக்காவது விடை எழுதிய பையனைப் போல.

அட்டையை அனுப்பினோம். பெயர் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. இது எல்லாரும் கூப்பிடும் பெயர் என்று நான் விளக்கி எழுதினேன். பெயர் பொருந்தவில்லை என்று மறுபடி வந்தது. டிப்போ மேனேஜரிடம் போய் ஒரு சான்று கேட்டோம். இவரைத்தான் பிரேக் மாமா என்கிறோம் என்று எழுதித் தரச் சம்மதித்தார். எழுத உட்கார்ந்தவர் தயங்கினார். “ஆமா பிரேக்கு, உன் நிஜப் பேர் என்ன?” என்று கேட்டார். மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சான்றும் செல்லவில்லை. கணக்கை நிரந்தரமாக மூடுவதாகக் கடைசிப் பதில் வந்தது. ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று எழுதி, அடியில் ஒற்றைப் பெயர் ஒன்று மட்டும் போட்டிருந்தது. அது ஆளா, இயந்திரமா என்றுகூடத் தெரியவில்லை.

“இவனுக்கு மட்டும் வாயில வந்த ஒரு பேர் போதுமாக்கும்” என்றார் மாமா.

வேறொரு கணக்குத் திறந்து மறுபடி வாங்கிவிடலாம் என்று தேடினேன். அந்த விளையாட்டை விற்பதையே கடை எப்போதோ நிறுத்தியிருந்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் மட்டும் தங்கள் கணக்கு வழியாக இறக்கிக்கொள்ளலாம். மாமா போட்ட சாலையும் அந்தக் கணக்கோடு சேர்ந்து கம்பெனியின் கணினிகளில்தான் இருந்தது. வீட்டில் இருந்தது அதை எட்டிப் பார்க்கும் சன்னல் மட்டும்.

அப்போதுதான் மாமா, வாங்கினேனா இல்லையா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார். பதில் தெரியாததால், வாங்கும்போது எல்லாரும் படிக்காமல் ‘சம்மதம்’ என்று அழுத்துகிற ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து உட்கார்ந்து படித்தேன். வரிகள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு கிடந்தன. திரும்பத் திரும்பப் படித்ததில் இவ்வளவுதான் புரிந்தது: பொருளை அவர்கள் விற்கவில்லை. பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கிறார்கள். அந்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பச்சைப் பொத்தானில் மட்டும் ‘வாங்கு’ என்று போடுவார்கள்.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். “நீங்க வாங்கல மாமா. ஓட்டிக்கோன்னு விட்டிருக்காங்க. அவ்வளவுதான்.”

“டிப்போ வண்டி மாதிரி” என்றார்.

“ஆமா.”

“சரி. வண்டி அவங்களோடது. எறங்குன்னா எறங்கித்தான் ஆகணும்.” திரை இருட்டாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஆனா அந்த ரோடு நான் போட்டது, மருமகளே.”

அதைப் பற்றியும் ஒப்பந்தத்தில் ஏதோ இருந்தது. அதைப் படித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது தனக்கு வார ஓய்வு கிடைக்கும் நாட்களில் மாமா தன் பழைய வழித்தடத்தில் பயணியாகப் போய்வருகிறார். போன வாரம் நானும் கூடப் போனேன். கதவுக்கு எதிரே, முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரிகிற இருக்கையில் உட்கார்ந்தார். டைல்ஸ் கடை வளைவு வருவதற்கு முன்பே அவர் கால் தரையை அழுத்தியது. பள்ளிக்கூட நிறுத்தத்தில் புதுசு கதவை மூடினார். மாமாவின் கால் அழுத்தியபடியே இருந்தது.

“யாராவது ஓடி வர்றாங்களா பாரு” என்றார். அவருக்கு ஓரம் தெரியாது.

திரும்பிப் பார்த்தேன். பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஒரு பையன் ஓடி வந்துகொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

“யாரும் இல்ல மாமா” என்றேன்.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் இதை அனுப்புங்கள். அவர்களும் அனுப்பட்டும். எந்த மூலையிலோ அந்தக் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் கண்ணில் இது பட்டாலும் படலாம். பிரேக் மாமா என்று ஒரு மனிதர் இருக்கிறார். அவருடைய தெரு முழுவதற்கும் அவரைத் தெரியும். அவர் போட்ட சாலை உங்களிடம் இருக்கிறது. அதை அழித்துவிடாதீர்கள்.