புடவையைத் தொலைத்த ரீமேக்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் பார்க்கும் படலத்துக்குப் போயிருந்தேன். பஜ்ஜி, சொஜ்ஜி கிடையாது. பாப்கார்ன்தான். நடந்த இடம் — ஓ.எம்.ஆரில் ஒரு மால் தியேட்டர்!

திருப்போரூர் நண்பர் ஏழுமலையின் மகள் கவிதா. திருவிடந்தை கோயிலை மாலையோடு சுற்றிவந்த கையோடு வரன் அமைந்துவிட்டது. பையனுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. கேளம்பாக்கத்தில் ஃப்ளாட், ஐ.டி. வேலை. எல்லோருக்கும் சம்மதம். கவிதா மட்டும், "சேர்ந்து ஒரு படம் பார்க்கறோம். அப்புறம்தான் பதில்" என்று சொல்லிவிட்டாள். தனியாக எப்படி அனுப்புவது என்று ஏழுமலையும் அவர் மனைவி சரோஜாவும் கிளம்ப... துணைக்குத் துணையாக நானும்.

அங்கேதான் பையன் சறுக்கினான். வருங்கால மாமனாருக்கு ஒரு பழைய கறுப்பு-வெள்ளை காமெடிப் படம் என்றால் உயிர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஐஸ் வைப்பதாக நினைத்து, அதன் ரீமேக்குக்கு டிக்கெட் போட்டுவிட்டான்!

உயிர் என்றால் எப்படி? டி.வி.யில் ஓடும்போது நடிகர் வாய் திறப்பதற்குள் ஏழுமலை வசனத்தைச் சொல்லிவிடுவார். நம்மில் யார்தான் சொல்வதில்லை?

கதை இதுதான். கல்யாணமானவர்களுக்குத்தான் வீடு என்கிறார் ஹவுஸ் ஓனர். பிரம்மச்சாரி ஹீரோ, மனைவி உள்ளே இருப்பதாகப் புளுகி, தினம் ஒரு புடவையை நனைத்துக் கொடியில் காயப்போடுகிறான். ஓனர் மனைவிக்கோ அந்தப் புடவைகள்மேல் ஒரு கண்...

புதுப் படத்தில் ஹீரோ இருப்பது இருபதாவது மாடி. கொடிக்கு எங்கே போவது? அதனால் இல்லாத மனைவியை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்க்கிறான். அவள் தினம் குட்மார்னிங் அனுப்புகிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நம் குரூப்பில் பாதிப் பேர் அப்படித்தானே!

ஏழுமலை இருட்டில் பழைய வசனத்தை முந்திக்கொண்டு சொல்வார். திரையில் வேறு ஏதோ வரும். மறுபடி சொல்வார். மறுபடி வேறு. எனக்கே பாவமாக இருந்தது.

இடைவேளையில் வெடித்துவிட்டார். "இன்னா நைனா இது? பொடவ எங்க கீது? பொடவயே இல்லாம இன்னாத்துக்கு இந்தப் படம்?"

கவிதா பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பழைய படம் பாத்ததில்ல அங்கிள். அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று கேட்டான் அவன்.

கேட்கலாமா அதை! ஏழுமலை தோள் துண்டை உருவினார். பாப்கார்ன் க்யூவுக்குக் கட்டியிருந்த கயிற்றில் காயப்போட்டார். ஓனராக மீசையை முறுக்கினார். ஹீரோவாகக் குழைந்தார். ஓனர் மனைவியாகத் துண்டின் ஓரத்தை ஆசையாகத் தடவிப் பார்த்தார். க்யூ மொத்தமும் சிரித்தது. பையனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

பெல் அடித்தது.

"அங்கிள், நான் எடுத்த டிக்கெட் தண்டம், தப்பு என்னோடதுதான். மிச்சக் கதைய நீங்களே நடிச்சிருங்க. உள்ள போக வேண்டாம்" என்றான் பையன்.

நாங்கள் போகவில்லை.

இயக்குநர்களே... அந்தப் பழைய படங்களை விட்டுவிடுங்களேன்? அந்தச் சிரிப்பு, கொடியும் புடவையும் எட்டிப் பார்க்கிற ஓனரும் இருந்த வாசலில் பிறந்தது. வாசலை இடித்துவிட்டு அதே சிரிப்பு வா என்றால் வருமா? தவிர, ரீமேக்கை ஏழுமலைகள் தினமும் இலவசமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பார்க்கிங்கில் கவிதா பதிலைச் சொன்னாள். "எனக்கு ஓகேப்பா. டிக்கெட்டுக்கு டப்பு குடுத்தாச்சேன்னு கடைசி வரைக்கும் உக்காந்துகினு இருக்காம, தப்புன்னு தெரிஞ்சதும் ஒத்துக்கினு எழுந்துட்டாரு பாரு... அது போதும்."

ஏழுமலைக்கு வாயெல்லாம் பல்.

சரோஜாதான் பெருமூச்சு விட்டார்: "எனுக்கு இது அப்பவே தெரியாமப் போச்சேடி... தோ, இன்னும் உக்காந்துகினு கீறேன்!"