கண்ணளவு

காயவைத்த பிளாஸ்டர் அச்சை அவர் விரல் முட்டியால் தட்டி, அதன் மேல் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். எதிரில் வாடிக்கையாளர் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பார். காய்ந்ததா என்று தொட்டாலே தெரிந்துவிடும். ஆனால் அதில் என்ன பெருமை இருக்கிறது?

சிற்பிகள் களிமண்ணில் செய்த உருவங்களுக்கு அச்செடுத்து வார்த்துக் கொடுப்பது அவர் தொழில். அந்தச் சிற்பிகளைக் கண்டாலே இளக்காரம். "அவங்க மண்ணைப் பிசையறாங்க. உசிர் குடுக்கறது நான்" என்பார். உசிர் பெற்றவற்றில் பல, மூக்கறுந்தும் காதறுந்தும் பட்டறை மூலையில் கிடக்கின்றன. காரணம் கேட்டால் ஒருமுறை மழை, ஒருமுறை மட்டமான சரக்கு, மற்றபடி மனைவி. பிளாஸ்டர் சலிப்பதும் வாளி சுரண்டுவதும் அந்த அம்மாள்தான். வந்தவர்களிடம் "கைக்கு ஒத்தாசை" என்று காட்டுவாரே தவிர, மனைவி என்று வாயில் வராது.

அச்செடுக்க உருவத்தின் மேல் முதலில் பூசும் சிலிகானில், அதை இறுகவைக்கும் ஹார்ட்னரை எடை பார்த்துக் கலக்க வேண்டும், குறைந்தால் இறுகாது. இவர் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு டப்பாவைச் சாய்ப்பார். "தராசு மளிகைக் கடைக்காரனுக்கு. எனக்குக் கண்ணளவு."

போன மாதம் ஒரு பெண், இறந்துபோன தன் அப்பாவின் தலையைக் களிமண்ணில் செய்து எடுத்துவந்தாள். முகம் மறந்துபோவதற்குள் ஞாபகத்திலிருந்தே செய்தது. வேறு பிரதி இல்லை, பத்திரம் என்றாள். அவர் சிரித்தார். எடை பார்த்துக் கலக்கலாமே என்று மெல்லச் சொன்ன மனைவியை, அந்தப் பெண்ணின் முன்னாலேயே போய் வாளியைக் கழுவச் சொன்னார்.

மறுநாள் அந்தப் பெண்ணின் எதிரிலேயே, மேலே போட்டிருந்த பிளாஸ்டர் கூட்டைக் கழற்றினார். உள்ளே சிலிகான் பாகு மாதிரி இழுபட்டது. இமை மடிப்பிலும் உதட்டோரத்திலும் ஒட்டிக்கொண்டு, துடைக்கத் துடைக்க மண்ணையும் உரித்துக்கொண்டு வந்தது. மனைவி பஞ்சும் குச்சியுமாக எவ்வளவோ பார்த்தாள். மூக்கு போயிற்று. பிறகு, அது யாருடைய முகம் என்பதே போயிற்று. அவருக்கும் கவலைதான்: இந்தப் பெண் வெளியே போய் யார் யாரிடம் சொல்வாளோ.

"உங்க மண்ணுல ஏதோ கோளாறும்மா" என்றார்.

"அளந்துதான் கலந்தீங்களா?"

அவர் கொஞ்சமும் கூசாமல் மனைவியைக் கைகாட்டினார். "கலந்தது இவ."

மனைவி குச்சியைக் கீழே வைத்தாள். அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம் சொன்னாள்: "நான் கலந்திருந்தா இறுகியிருக்கும்மா."

அந்தப் பெண் மிச்சமிருந்த தலையை ஈரத்துணியில் சுற்றி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினாள். அவர் முந்திப் போய்க் கதவைத் திறந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்தார். வாங்க அவளுக்குக் கை ஒழியவில்லை என்பதால், அந்த ஈரத்துணியின் மடிப்பில் தாமே செருகிவிட்டார்.