துளைக்குள்ளால் தெரிந்த நாட்காட்டி

துவக்கில், அந்தப் பழங்காலத்துத் துப்பாக்கியில், குறிபார்க்கும் பழைய பின்குறியைத் தட்டிக் கழற்ற ஒரு பித்தளைத் துண்டு தேவைப்பட்டது. இரும்பால் தட்டினால் குழலில் காயம் விழும். இராஜதுரை அடுப்படிக்குள் போய், மனைவி தில்லைநாயகி ஏலக்காய் இடிக்கும் சின்னப் பித்தளை உலக்கையை எடுத்து வந்து மகள் தயாளினியிடம் கொடுத்தார்.

"அங்கை ஊரிலை துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனுசன்," என்று தில்லைநாயகி உள்ளேயிருந்து சொன்னார். "இஞ்சை காசு குடுத்து ஒண்டை வாங்கி, என்ரை உலக்கையாலை அதுக்கு வைத்தியம் பாக்கிறார்."

"இது சண்டைக்கு உதவாதப்பா. குழல் வாயாலை வெடிமருந்தைக் கொட்டி, குண்டைத் துணியிலை சுத்தி, தடியாலை இறக்கி ஒரு வெடி வைக்கிறதுக்குள்ளை எதிரி வீட்டை போய்த் தேத்தண்ணி குடிச்சிடுவான்," என்றார் இராஜதுரை.

பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பலில், மரக்கறிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி வீடு. அந்த வீட்டுக்கு வந்தபோது இராஜதுரை ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அதே உணவகத்தில் சமையற்காரராகி ஓய்வும் பெற்றார். பக்கத்து அடுப்பில் நின்ற எரிக்தான் அவரைப் புறநகரிலுள்ள துப்பாக்கிக் கழகத்துக்குக் கூட்டிப்போனவர். கழகத்தில் மற்றவர்கள் குண்டு சுற்றும் துணியைக் கடையில் வாங்கினார்கள். இராஜதுரை பழைய வேட்டியை வட்டம் வட்டமாக வெட்டித் தேங்காயெண்ணெய் தடவிக் கொண்டுபோனார். குளிர்காலத்தில் எண்ணெய் உறைந்துவிடும் என்று போத்தலைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டே போவார். பிறகு எரிக்கும் வேட்டித் துணி கேட்கத் தொடங்கினார்.

இந்த வருசம் அவருடைய குண்டுகள் இலக்கு அட்டையை விட்டு விலகத் தொடங்கின. பின்குறியின் பள்ளம், முன்குறி, அட்டை மூன்றையும் கண் ஒன்றாகப் பிடிக்கவில்லை. பின்குறிக்குப் பதிலாகக் கண்ணுக்குக் கிட்ட ஒரு துளைத் தகட்டை வைக்கலாம் என்று தயாளினி சொன்னாள். அவள் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் பொறியியலாளர். துளையைப் பார்க்கத் தேவையில்லை, துளைக்குள்ளால் பார்த்தால் போதும், முன்குறி தானாக நடுவுக்கு வரும் என்று விளக்கினாள்.

குழலின் வாலில் இருந்த திருகாணியைக் கழற்றி, அந்த இடத்தில் புதுக் குறியின் அடித்தகட்டை வைத்தாள். அது ஆடியது. அரத்தால் ராவி, வைத்துப் பார்த்து, மறுபடி ராவினாள். இராஜதுரை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, வலக்கண்ணிலை சிலநேரம் திரை விழுற மாதிரிக் கிடக்கு. மேலையிருந்து கீழை. பிறகு தானா எழும்புது."

தயாளினி நிமிரவில்லை. துளைத் தகட்டை மட்டும் அவரிடம் நீட்டினாள்.

"இதுக்குள்ளாலை அந்தக் கலண்டரைப் பாருங்கோ. எழுத்துத் தெரியுதோ?"

"ஓம். ராகுகாலமும் தெரியுது."

"அப்ப கண் நல்லாத்தான் இருக்கு. வயசு, வேறையொண்டும் இல்லை."

ஆயிரம் பேருக்குச் சமைத்த இராஜதுரைக்குச் சமையலறைப் பிரெஞ்சுதான் தெரியும். டொக்டரிடம் அவருக்கு வாய் மகள்தான். எல்லா ரொந்தேவும், டொக்டரைப் பார்க்கக் குறித்த நேரமெல்லாம், அவளுடைய தொலைபேசி இலக்கத்தில்தான் பதிவாகியிருக்கும். அந்தச் சனிக்கிழமை கண் டொக்டரிடம் ஒரு ரொந்தேவு இருந்தது. கழகமும் சனிக்கிழமைதான். தள்ளிப்போடச் சொல்லி அவர் கேட்கவில்லை. அவளே தொலைபேசி எடுத்து, இரண்டு கிழமை தாண்டி வரும் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போட்டாள்.

சனிக்கிழமை முதற் குண்டு அட்டைக்கு மேலால் போனது. தயாளினி குறியைக் கீழே இறக்கினாள். மூன்றாவது நடு வட்டத்தைத் தொட்டது. இராஜதுரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துவக்குப் பெட்டிக்குள் வைத்தார்.

"இனி இது எதுக்கு?" என்றார். பெட்டியைப் பூட்டிக் கழகத்தில் எரிக்கின் அலுமாரியில் விட்டுவிட்டு வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வெங்காயத்தாள் வாங்கிக்கொண்டு வந்தவர் மாடிப்படியிலேயே குந்திவிட்டார். இடக்கை எழவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் கேட்டார்: போன கிழமைகளில் ஒரு கண்ணில் திரை விழுந்து எழும்பியதுபோல ஏதாவது சொன்னாரா? மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைக்கப் போகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம் என்றார்.

தில்லைநாயகி மகளின் சட்டைக் கையை இழுத்தார். "என்ன கேக்கிறார்?"

ஓம், அப்பா சொன்னவர் என்று தயாளினி டொக்டரிடம் பிரெஞ்சில் சொன்னாள். "வயசைக் கேக்கிறார்," என்று தாயிடம் சொன்னாள்.

இரண்டாம் நாள் இராஜதுரை இறந்தார்.

வந்து போகிற பழுதை, அது போயிருக்கும் நேரத்தில் சோதித்துவிட்டுப் பழுதில்லை என்று சொல்லக்கூடாது. வேலையிடத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே தயாளினி சொல்லிக்கொடுப்பது அது.

செத்தவீட்டுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை எரிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். கோப்பி குடித்தார். இராஜதுரை வெங்காயம் நறுக்கும்போது ஒருநாளும் அழுததில்லை என்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். போய்விட்டார்.

தில்லைநாயகி பெட்டியைத் திறந்தார். துவக்குக்கு மேல் மூக்குக்கண்ணாடி கிடந்தது.

"இது இல்லாமலோ மனுசன் படியேறினவர்?" என்றார். "கண்ணாடி போடாமல் தடக்கி விழுந்திருக்கிறார். கடைக்கு அனுப்பினது நான். முகத்தைப் பாத்துக்கொண்டுதான் அனுப்பினனான். கண்ணாடி இல்லையெண்டு எனக்குத் தெரியேல்லை, பாரன்."

தயாளினி தாயைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் இந்தப் பழி அம்மாவின் தலையிலேயே நின்றுவிடும். தனக்கு அது வசதியாகவும் இருக்கும்.

"அவர் தடக்கி விழேல்லையம்மா," என்றாள். "அண்டைக்கு டொக்டர் வயசைக் கேக்கேல்லை."

திரையையும், நாட்காட்டியையும், தள்ளிப்போட்ட ரொந்தேவையும் சொன்னாள். இடையில் நிறுத்தவில்லை.

தில்லைநாயகி கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

"எனக்கும் சொன்னவர்," என்றார் கடைசியில். "பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ, அவள் பாப்பாள் எண்டனான்."

உலக்கையைக் கழுவ அடுப்படிக்குப் போனார். அது கழுவித்தான் இருந்தது.

மேசையில் தயாளினியின் தொலைபேசி அதிர்ந்தது. கண் டொக்டரின் அலுவலகம். திரு. இராஜதுரையின் ரொந்தேவு நாளை காலை. பழைய மூக்குக்கண்ணாடியை மறக்காமல் கொண்டுவரவும்.